தேடுவாரு, எடுக்க மாட்டாரு

நாலு பேரில் மூன்று பேர் படுத்துவிட்டார்கள். மிச்சமிருந்த ஒருத்தன் கையில் ஒரு குச்சி. எதிரே வௌவால். வௌவால் என்றால் சாதாரண வௌவால் இல்லை, ஆளைவிடப் பெரிது, பல்லைக் காட்டிச் சிரிக்க வேறு செய்தது. கேட்டுக்காரர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, உள்ளங்கை அளவுத் திரையை மூக்குக்கு நேரே பிடித்து, "அடி, அடிடா, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற" என்றார். குச்சிக்காரன் அடித்தான். படவில்லை. வௌவால் அடித்தது. பட்டது. திரை கறுத்து, மூக்கைச் சிந்துகிற மாதிரி ஒரு பாட்டு வந்து ஓய்ந்தது. பழையபடி முதலிலிருந்து ஆரம்பம். இருட்டு, ஒரு கட்டில், அதிலிருந்து எழுந்திருக்கும் பையன், அவனிடம் என்னவோ சொல்லும் ஓர் அம்மாள். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்காரருக்குத் தெரியாது. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். தமிழே அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் "சரி சரி, நகரு" என்று ஆளைத் தள்ளிவிட்டே ஆயுசைக் கழித்தவர். பொத்தானை அழுத்தினால் அந்த அம்மாளும் நகர்ந்துவிடுவாள். போதும்.

அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டார். கேட்டுக்காரரே என்றால் திரும்புவார். பித்தளைக் குழாய் செய்யும் கம்பெனியில் வாசல் காவல். உள்ளே போகிறவனை ஏன் என்று கேட்கமாட்டார், வெளியே வருகிறவனை விடமாட்டார். சங்கு ஊதியதும் ஆண், பெண், வார்க்கிறவன், கடைகிறவன், மெருகு போடுகிறவன் எல்லாரும் வரிசையில் வந்து அவர் முன்னால் பையைத் திறந்து காட்டிவிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி நிற்க வேண்டும். பித்தளைக்கு வெளியே விலை உண்டு. சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில், செருப்புக்குள், குடைக்குள், எங்கெல்லாம் ஒளிப்பார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. யாரையும் நம்பக்கூடாது, அதற்காக யாரையும் கோபிக்கவும் கூடாது என்பது அவர் கொள்கை. ஒரு பையைப் பிரித்தால், பிரிப்பதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே மூடிக் கொடுப்பார். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. முதலாளியே ஒரு தடவை, இவன் தேடினான் என்று பைக்கே தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

வேலை போனபின் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாடியில் சின்ன வீடு. அறையை எடுத்துக்கோங்க என்று மருமகன் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை, வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டார். வந்த வாரமே கை நமைக்க ஆரம்பித்துவிட்டது. மருமகனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, சில்லைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. சாயங்காலம் வந்ததும் பையைக் கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போவான். தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் இவர் எழுந்து பையைத் திறப்பார். சாப்பாட்டு டப்பா, துடைக்கிற துணி, நகம் நீளத்துக்கு ஸ்க்ரூடிரைவர்கள், பிறகு அந்தக் கேம் டப்பா. சந்தேகம் ஒன்றும் கிடையாது. ஆள் உள்ளே வந்தால் கை பைக்குப் போகும், அவ்வளவுதான். இதில் ஒரு கூத்து, வந்த புதிதில் இவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு மருமகனே கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க ஒரு கண்ணாடி செய்து கொண்டுவந்து மாட்டிவிட்டிருந்தான். அந்தக் கண்ணாடி வழியாகத்தான் அவன் பையைத் தினமும் சோதித்தார்.

அந்த டப்பா அவருக்குப் புதுசு இல்லை. மகள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவள் பையில் பார்த்திருக்கிறார். ஆமாம், அவள் பையையும்தான். வீட்டு வாசலிலும் உடுப்பு மாட்டியாச்சா என்று மனைவி இருந்தவரை கேலி பேசுவாள். வயசுப் பெண், யாரோ கடிதம் கொடுக்கிறான் என்று காதில் விழுந்திருந்தது. பாடப் புத்தகத்தை உதறுவார், பென்சில் டப்பாவைக் கவிழ்ப்பார். ஒருநாள் இந்தச் சாம்பல் நிறக் கேம் டப்பா வந்தது. திருப்பிப் பார்த்தார், பேட்டரி மூடியைக் கழற்றிப் பார்த்தார், உள்ளே காகிதம் கீகிதம் இல்லை. என்னது என்றார். கேம்ப்பா, பக்கத்துப் பெஞ்சுப் பொண்ணோடது என்றாள். திருப்பிக் கொடுத்துவிட்டார். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. கடிதம் கடைசி வரைக்கும் சிக்கவில்லை. கடைசியில் அவள் கண்ணாடிக் கடைக்காரனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று வந்து நின்றபோது, இது எந்த வழியாக உள்ளே வந்தது என்று அவருக்குப் புரியவேயில்லை. கேட்டில் தூங்கிவிட்டோமோ என்று ரொம்ப நாள் உறுத்தல்.

போன மாதம், வேலை நேரத்தில் விளையாடுகிறான் என்று கடை முதலாளி மருமகனைத் திட்டிவிட்டாராம். அன்றிலிருந்து டப்பா பழைய பை ஒன்றில் வீட்டிலேயே கிடந்தது. காலையில் மகள் பல் டாக்டரிடம் போய்விடுவாள், அங்கே வருகிறவர்களை வரிசைப்படுத்தி உள்ளே அனுப்புகிற வேலை. மருமகன் கடைக்குப் போய்விடுவான். கேட்டுக்காரருக்குச் சோதிக்க ஆளும் கிடையாது, பையும் கிடையாது. பகல் என்பது இவ்வளவு நீளமானது என்று கம்பெனியில் இருந்தவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

முதல் நாள் டப்பாவை எடுத்துத் திறந்தபோது திரையில் இரண்டு வரி வந்தது. மேல் வரியை அழுத்தினார். ஒரு மலை உச்சி, நாலு பேர் வரிசையாக நின்றார்கள். சிவப்புப் போர்வைக்காரன், கேடயம் பிடித்தவன், கூர்த்தொப்பி வைத்த பெண், கடைசியில் ஈட்டியோடு ஒரு பொடியன். மருமகன் தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கிற அதே நாலு பேர். கேட்டுக்காரருக்கு ஏனோ அடுத்தவர் படுக்கையறைக்குள் செருப்போடு நுழைந்த மாதிரி ஆகிவிட்டது. அணைத்துவிட்டார். மறுநாள் கீழ் வரியை அழுத்தினார். அது புதுசாக ஆரம்பித்தது. இது சரி, அது அவன் அறை, இது நம் அறை என்று வைத்துக்கொண்டார். நாலு பேருக்குப் பேர் வைக்கச் சொல்லி எழுத்துகளைப் பரப்பிக் காட்டியது. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எழுத்து இரண்டே இரண்டு. குழாய்த் தலையில் அடிக்கும் எச், சி. எச் என்றால் சுடுதண்ணீர், சி என்றால் பச்சைத் தண்ணீர். எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு என்று இதைச் சொல்லித்தான் மகள் அந்தக் காலத்தில் அம்மாவிடம் சிரிப்பாள். ஒருத்தனுக்கு எச், ஒருத்தனுக்கு சி, மறுபடி எச், மறுபடி சி. நாலு குழாயும் கிளம்பிவிட்டன.

ஆட்டம் பிடித்துப்போனதற்குக் காரணம் சொல்லத் தெரியாது. அரண்மனை வாசலில் ஈட்டி பிடித்த காவல்காரன் ஒருத்தன் நின்றான். எத்தனை முறை பேசினாலும் ஒரே வரியைத்தான் சொன்னான், யார் போனாலும் விட்டான். நீயெல்லாம் ஒரு கேட்டுக்காரனா என்று இவர் வாய்விட்டே திட்டினார். அதைவிட மோசம், அந்த ஊரில் யார் வீட்டுக்குள்ளும் நேராகப் போகலாம், அவர்கள் கண் முன்னாலேயே பெட்டியைத் திறந்து இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். மருமகன் ஆடும்போது ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். வீடு வீடாகப் போய்ப் பானையைக்கூட விடாமல் துழாவுவான். அதில்தான் கத்தி, கேடயம், மருந்து எல்லாம் கிடைக்கிறது. கேட்டுக்காரர் தொடமாட்டார். வீட்டுக்குள் போவார், பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பார், திறக்காமல் வெளியே வந்துவிடுவார். ஆகவே அவருடைய நாலு குழாய்களும் குச்சியை வைத்துக்கொண்டு குகைக்குப் போய் வௌவாலிடம் கடிபட்டுச் செத்தன. டப்பாவை அணைத்தாலும் எல்லாம் போய்விடும். மறுநாள் மறுபடி கட்டில், அம்மாள், ராஜா, குச்சி, வௌவால். அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டார். தினமும் வேலைக்குப் போகிற மாதிரிதானே.

ஆனால் எத்தனை நாளைக்குச் சாவது. ஒரு வியாழக்கிழமை அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்ற ஒரு பெண் வீட்டில், மூலையிலிருந்த பெட்டிக்கு முன்னால் நாலு பேரையும் நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். வெளியே படியில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டு டப்பாவைத் தலையணைக்கு அடியில் செருகினார். பக்கத்து வீட்டுக்குப் போகிற ஆள். மறுபடி எடுத்தார். "ஒரு கத்திதாம்மா" என்று அந்தப் பெண்ணின் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு அழுத்தினார். பெட்டி திறந்தது. கத்திதான். அவள் திரும்பவில்லை. கேட்டுக்காரருக்குக் காது மடல் சூடானது. அதற்கப்புறம் அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. ஒன்றை எடுத்த கைக்கு இரண்டாவது பெட்டி கனக்கவில்லை. அன்றைக்கு வௌவால் செத்தது.

குகைக்கு அந்தப் பக்கம் வெளிச்சம். புல், ஆறு, தூரத்தில் இன்னோர் ஊர். கரையில் நீலமாக மின்னும் ஒரு கல். மருமகன் ஆட்டத்தை முடிக்கும்போதெல்லாம் இந்தக் கல்லிடம் வந்து, இரண்டு தடவை அழுத்திவிட்டுத்தான் அணைப்பான். பூட்டுப் போட்டுவிட்டுப் போகிற மாதிரி என்று இவர் கவனித்து வைத்திருந்தார். திறந்தவன் மூடவேண்டும், எப்படி மூடுவார்களோ அப்படி மூடவேண்டும். கேட்டுக்காரரும் கல்லிடம் போய் அழுத்தினார். நீளமாக ஒரு வரி வந்தது, கேள்வி மாதிரி வளைவு வைத்து முடிந்தது. சரி சரி, நகரு. இன்னொரு தடவை அழுத்தினார்.

ஒழுங்காக மூடுவதற்காகத்தான் அழுத்தினேன் என்று அப்புறம் தனக்குத் தானே பலமுறை சொல்லிப் பார்த்தார். அது பாதிதான் நிஜம். அந்தக் கத்தியையும் செத்த வௌவாலையும் அந்த ஆற்றங்கரையையும் நாளைக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. வைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். இத்தனை வயசுக்கு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் திறந்ததும் மேல் வரியில் கை பட்டுவிட்டது. ஆற்றங்கரையில் அவருடைய நாலு பேரும் கத்தியோடு நின்றார்கள். அட, காத்துக்கிட்டு இருந்தீங்களா என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோனது. அப்புறம்தான் சுருக்கென்றது. மேல் வரி மருமகனுடையது ஆயிற்றே. அணைத்துத் திறந்தார். மேல் வரி, ஆற்றங்கரை. கீழ் வரி, கட்டில், அம்மாள். சிவப்புப் போர்வைக்காரன் இல்லை, கூர்த்தொப்பிப் பெண் இல்லை. பேட்டரியைக் கழற்றி வாயால் ஊதிப் போட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஜன்னல் வெயிலில் காட்டிக்கூடப் பார்த்தார். இரண்டு வரி, இரண்டு அறை என்று நினைத்தது தப்பு. அறை ஒன்றுதான். அதில் இவர் குடியேறிவிட்டார், இருந்தவர்கள் போய்விட்டார்கள்.

அவர் செய்தது என்ன என்றால், டப்பாவைத் துணியில் துடைத்து, திரை சுவர்ப்பக்கம் பார்க்க, அதன் கைக்கயிற்றைச் சுற்றி, இருந்தது இருந்தபடியே பைக்குள் வைத்தார். மூடி, இழுத்து, கொக்கியில் மாட்டினார். பைக்கே தெரியாது. அன்றைக்குச் சோற்றைப் பாதியில் மூடிவைத்தார். என்னப்பா உடம்புக்கா என்று மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபோது, எரிச்சலாக, ஒண்ணுமில்ல போ என்றார்.

மகளுக்கும் மருமகனுக்கும் அந்த வாரமே சரியில்லை. பல் டாக்டர் வேறு ஊரில் இன்னொரு இடம் திறக்கிறார், அதை முழுக்கப் பார்த்துக்கொள்ள இவளைக் கூப்பிட்டிருந்தார். இவளுக்குப் போக ஆசை. மருமகன் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இவள் பேச்சை எடுத்தால் அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு உட்காருவான். அதைத் தூக்கி ஜன்னல் வழியா எறியப்போறேன் ஒருநாள் என்று அவள் சொன்னது கேட்டுக்காரர் காதிலும் விழுந்ததுதான். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போய் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருவதாக அவளே முடிவு செய்துவிட்டாள். பார்த்துவிட்டுத் திரும்புவாளா, பார்த்ததும் இருந்துவிடுவாளா என்பதை யாரும் பேசவில்லை.

வியாழக்கிழமையிலிருந்து கடையில் ராத்திரிவரை வேலை இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் மருமகன் டப்பாவைத் திறந்தான். கேட்டுக்காரர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். பின்னால் பொத்தான் சத்தம் நின்றுபோனது. மறுபடி கேட்டது, மறுபடி நின்றது. அவன் எழுந்து சமையல்கட்டுக்குப் போனான். அங்கே பேசுவது கட்டிலுக்குக் கேட்கும். நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான்.

நீ தொட்டியா என்று கேட்டான். எதை என்றாள். குரலை உயர்த்துகிற ஆள் இல்லை அவன், அன்றைக்கும் உயர்த்தவில்லை. எல்லாம் போயிருச்சு, வேற எதுவோ இருக்கு, நீயே பாரு என்று நீட்டியிருக்க வேண்டும். அதை என் கண்ணு முன்னாடி கொண்டுவராதீங்க என்று அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கேட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் ஒரு தடவை பார்த்தால் போதும். எச், சி, எச், சி. உலகத்திலேயே அவள் ஒருத்திக்குத்தான் அது யார் என்று தெரியும்.

அவள் பார்க்கவில்லை.

"எறியப்போறேன்னு சொன்னேன், உண்மைதான்" என்றாள். "ஆனா தொடலை. நான் எழுதினதை நானே அழிப்பேனா?"

"ஊருக்குப் போறவ அழிச்சுட்டுப் போலாம்ல. அந்தக் கடைசி வார்த்தை இருந்தா உனக்குத்தானே இடைஞ்சல்."

அவள் குழாயை மூடினாள். பிறகு மகள் பேசினாள். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை, ஏதோ கணக்குத் தீர்க்கிற மாதிரி ஒரு குரல். அவள் சொன்னதிலிருந்துதான் கேட்டுக்காரருக்கு விஷயமே விளங்கியது. அந்த நாலு பேருக்கும் வைத்த பேர் பேரே இல்லை. அது கடிதம். ஆட்டத்துக்குள் ஒரு சத்திரம் இருக்கிறது, அங்கே போனால் ஆட்களின் பேரை மாற்றிக்கொள்ளலாம். இவள் இங்கிலீஷ் எழுத்தில் நாலு தமிழ் வார்த்தை வைத்து அனுப்புவாள், அவன் நாலு வார்த்தை வைத்துத் திருப்பி அனுப்புவான். பக்கத்துப் பெஞ்சுப் பெண் என்று ஒருத்தியே கிடையாது. வீட்டுக்கு வந்து பேச அவன் பயந்துகொண்டிருந்த காலத்தில் இவள் கடைசியாக வைத்தது: நான், வரேன், எங்கயும், போகாதே. அதற்கப்புறம் கல்யாணம் ஆகிவிட்டது. அவன் அந்தப் பேர்களை மாற்றவே இல்லை. இத்தனை வருஷமும் போகாதே ஈட்டி எறிந்துகொண்டிருந்தான், வரேன் கேடயம் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எங்கப்பா கையிலயே குடுத்து வாங்கிட்டு வருவேன் அதை" என்றாள் மகள். "பேட்டரி மூடியைக் கழட்டிப் பாப்பாரு. ஒண்ணுமில்லைன்னு எங்கிட்டயே நீட்டுவாரு. உள்ள உங்க எழுத்து இருக்கும். அப்படி வந்ததை நான் அழிப்பேனா?"

கேட்டுக்காரருக்கு முதலில் வந்தது கோபம். உள்ளதைச் சொன்னால் என்ன. தன் கேட்டில், தன் கண் முன்னால், தன் கை வழியாகவே கடத்தியிருக்கிறார்கள். மூடியைத் திறந்து பார்த்த முட்டாள் கையை இப்போதே வெட்டலாம் போல இருந்தது. இன்னொரு நாளாக இருந்தால் எழுந்துபோய் இரண்டு பேரையும் ஒரு வாங்கு வாங்கியிருப்பார். கோபம் அடங்குவதற்குள் மகள் அடுத்ததைச் சொன்னாள்.

"அப்பாவைக் கேட்டீங்களா? உங்க பையைத் தினமும் பாக்கிறாரு. தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

கட்டிலில் படுத்திருந்தவர் சுவர்ப்பக்கம் இன்னும் ஒண்டிக்கொண்டார்.

"வந்த நாள்லேர்ந்து தெரியும்" என்றான் மருமகன். "மாமா தேடுவாரு. எடுக்க மாட்டாரு. ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இடம் மாறினதில்லை. அவரு வேலை அது, விடு. அவரு மேல மட்டும் போடாத."

இவன் குளிக்கப் போகும்போது பையை வேண்டுமென்றே அங்கே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். தண்ணீரை வேண்டுமென்றே கொஞ்சம் அதிகநேரம் விட்டிருப்பானோ என்னவோ. கேட்டுக்காரர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார். இப்போது எழுந்துபோய் நான்தான் என்று சொல்லலாம். மூன்று அடி தூரம். போகவில்லை. திட்டியிருந்தால் போயிருப்பார். திருட்டுக் கிழவன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்துபோய்ச் சண்டை போட்டு, அந்தச் சண்டையிலேயே உண்மையையும் கக்கியிருப்பார். எடுக்கமாட்டார் என்று சொல்லிவிட்டானே, அதைத் தாண்டி எப்படிப் போவது.

மெருகு போடுகிற ஆள் ஒருத்தன் அவர் நினைவுக்கு வந்தான். குடைத் துணிக்குள் ஒரு குழாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவன். விற்பதற்கு இல்லை, வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்றான். நாள் முழுக்கக் குழாய்க்கு மெருகு போடுகிறவன் வீட்டில் குழாய் ஒழுகியது. மேனேஜர் வருகிறவரை கேட்டில் நிறுத்திவைத்தார் இவர், கையைப் பக்கவாட்டில் நீட்டியபடி, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கிற மாதிரி. கையை இறக்கலாமா என்று ஒரு தடவை கேட்டான். இறக்காதே என்றார். அவன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை, இவர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது அது இவருக்கு ஒன்றும் செய்யவில்லை. கையில் சரக்கோடு பிடிபட்டவன் வேறு எங்கே பார்ப்பான் என்று இருந்தது. இன்றைக்குப் போர்வைக்குள் கண்ணை மூடினால் அந்தக் கைகள்தான் தெரிந்தன. முழங்கையிலிருந்து விரல்வரை நடுங்கிக்கொண்டு, மெருகுப் பொடி ஒட்டி, பொன் மாதிரி மின்னிக்கொண்டு.

சமையல்கட்டில் பேச்சு ஓய்ந்துவிட்டது. அவள்தான் அழித்தாள் என்று அவனும், அவன் நம்பவில்லை என்று அவளும் ஒதுங்கிக்கொண்டார்கள். மருமகன் டப்பாவைப் பழைய பையில் போட்டுக் கொக்கியில் மாட்டினான். இனிமேல் அதை எடுக்கப்போவதில்லை என்பது மாட்டுகிற விதத்திலேயே தெரிந்தது. அவள் உள்ளே துணி அடுக்கினாள். ஒரு நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறவள் அவ்வளவு துணி அடுக்கமாட்டாள். ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி இழுத்தாள்.

விடிந்ததும் அவர் முகம் கழுவி, சட்டை மாட்டி, மேல் பொத்தான்வரை போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கைக்குள் டப்பா. அதைத் திறந்து அந்த நாலு வார்த்தையை எப்படியாவது திரும்ப எழுதிவிடலாமா என்று விடிகாலையில் ஒரு யோசனை வந்திருந்தது. எழுத்துகள் வரிசையாகப் பரப்பிக் கிடந்தன. போகாதே என்பதற்கு அதில் எது எது வேண்டும் என்று தெரியவில்லை. எச் தெரிந்தது, சி தெரிந்தது. யாரைக் கேட்பது. அணைத்துவிட்டுக் காத்திருந்தார்.

மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அறையிலிருந்து வந்தாள். கண் வீங்கியிருந்தது. மருமகன் குளியலறையில் இருந்தான், கதவு சாத்தியிருந்தது, தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கேட்டுக்காரர் எழுந்து நின்றார். வழியை மறித்த மாதிரி ஆகிவிட்டது. அவர் நின்ற விதத்தைப் பார்த்ததும் மகள் ஒன்றும் கேட்காமல் பையைத் தோளிலிருந்து இறக்கி, அவர் காலடியில் வைத்து, குனிந்து ஜிப்பைத் திறந்து அகலமாக விரித்தாள். பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோது எப்படிச் செய்வாளோ அதே மாதிரி. கல்யாணமாகி, வேலைக்குப் போய், இந்த வீட்டுக்கு வாடகை கொடுக்கிற பெண்.

"பாத்துருங்கப்பா" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

குரலில் குத்தலே இல்லை. அதுதான் அவரை உடைத்தது. அவர் குனிந்தார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. கை பழக்கத்தில் துணிக்குள் போகப் பார்த்தது. அதை நிறுத்தினார். டப்பாவின் பொத்தானைத் தள்ளி, மேல் வரியை அழுத்தி, மடித்து வைத்த துணிகளுக்கு மேலே, திரை அவளைப் பார்க்கிற மாதிரி வைத்தார். அந்தச் சின்னப் பாட்டு ஆரம்பித்தது. ஆற்றங்கரைப் பாட்டு, துள்ளலான ஒன்று, காலையில் கேட்பதற்கு அசிங்கமாக இருந்தது.

மகள் எரிச்சலோடு அதை எடுக்கக் கை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. திரையில் நாலு பேர் நின்றார்கள், தலைக்கு மேல் பேரோடு. அவள் உதடு அசைந்தது, குழாய்க் கடை விளம்பரத்தைப் படிக்கிற குழந்தை மாதிரி, எச், சி.

கேட்டுக்காரர் இரண்டடி பின்னால் போய்க் கதவை ஒட்டி நின்றார். சொல்ல வேண்டியதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாய் திறந்தால் நான் மூடத்தான் போனேன் என்று பாதிப் பொய் முதலில் வந்துவிடும் என்று பயம். இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கினார். தோள்வரை தூக்கி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டார். அத்தனை வருஷம் அத்தனை பேரை நிறுத்தினார், தான் ஒரு தடவைகூட அப்படி நின்றதில்லை. இவ்வளவு கனமாக இருக்கும் என்று தெரியாது.

குளியலறையில் தண்ணீர் நின்றது. தாழ்ப்பாள் விலகும் சத்தம். மகள் பையின் முன்னால் மண்டியிட்டபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஈரத் துண்டோடு வெளியே வந்த மருமகன் யார் முகத்தை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் நின்றான். கேட்டுக்காரர் அவன் கால் விரல்களையே பார்த்தார். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கை முழங்கையிலிருந்து நடுங்க ஆரம்பித்தது. இறக்கலாம் என்று இன்னும் யாரும் சொல்லவில்லை.